அவள் கையெழுத்து போதும்!

ஒரு கையெழுத்து போதும் என்கிறது சட்டம். இரண்டு கையெழுத்து வேண்டும் என்கிறது ஆஸ்பத்திரி மேஜை!

கருவைச் சுமப்பவள் போடுகிற கையெழுத்து, சட்டம் கேட்கிற கையெழுத்து. அவளை மணந்தவன் போடுகிற கையெழுத்து, சட்டம் கேளாத கையெழுத்து. ஆனால் எந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் காரியம் நின்று போகிறது? சட்டம் கேளாத அந்த இரண்டாவது கையெழுத்து இல்லாவிட்டால்தான்! "புருஷன் வரவில்லையா? நாளைக்கு அழைத்துக் கொண்டு வா. அவர் வெளியூரா? மாமியாரையாவது கூட்டி வா" என்று சொல்லி அனுப்பி விடுகிற இடங்கள் இந்த நாட்டில் ஒன்றிரண்டு அல்ல. வந்தவள் திரும்புகிறாள். வயிற்றிலிருப்பது வளர்கிறது. வாரங்கள் ஓடுகின்றன.

கருச்சிதைவைப் பற்றி எழுத வந்து விட்டாரே, தொழிலாளர் படிக்கிற ஏட்டில் இதற்கென்ன இடம், இது பெண்கள் சமாசாரம் ஆயிற்றே என்று முகம் சுளிப்போர் இருக்கக் கூடும். அவர்களை ஒன்று கேட்கிறோம். பெண்கள் சமாசாரம் என்பது உண்மையானால், ஆணின் கையெழுத்தை ஏன் கேட்கிறார்கள்? கேட்டபோது நாமும் ஏன் பேனாவை எடுக்கிறோம்? கையெழுத்துப் போடும்போது நமது சமாசாரம், கஷ்டப்படும்போது அவளது சமாசாரமா? எப்படியிருக்கிறது நியாயம்!

ஆகவே பேசத்தான் வேண்டும். கூச்சத்தை ஒதுக்கிவிட்டு, கோபத்தையும் சற்றே ஒதுக்கிவிட்டு, பேசத்தான் வேண்டும்.

முதலில் சட்டத்தின் கதை. 1860ஆம் ஆண்டு வெள்ளையர் ஆட்சி இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 312ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. பெண்ணின் உயிரைக் காப்பதற்காக அன்றி வேறு எதற்காகக் கருவைக் கலைத்தாலும், கலைத்தவருக்கு மூன்றாண்டு வரை சிறை. வயிற்றில் சிசு அசையத் தொடங்கிய பிறகு என்றால் ஏழாண்டு வரை. தன் கருவைத் தானே கலைத்துக் கொண்ட பெண்ணும் இதே குற்றவாளிதான் என்று விளக்கம் வேறு எழுதி வைத்தார்கள். அந்தக் கருவுக்குக் காரணமான ஆணைப் பற்றி? அவளைக் கைவிட்டு ஓடியவனைப் பற்றி? ஏமாற்றியவனைப் பற்றி? அந்தப் பிரிவில் ஒரு சொல் கிடையாது. கரு தானாகவே வந்து வயிற்றில் அமர்ந்து கொண்டது போல எழுதினார்கள் சட்டத்தை!

விளைவு என்ன? கருச்சிதைவு நின்றதா? இல்லை, ஒளிந்து கொண்டது. பணமிருந்த வீட்டில் குடும்ப டாக்டர் பின்கட்டு வழியாக வந்தார். பணமில்லாத வீட்டில் எருக்கங்குச்சி வந்தது. ஒன்று வெளியே தெரியாமல் முடிந்தது. மற்றொன்று சீழ் பிடித்து, ஜன்னி கண்டு, சுடுகாட்டில் முடிந்தது. சட்டம் ஒன்றுதான், சாவு மட்டும் ஏழைக்கு!

1964ல் மத்திய சர்க்கார் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1966ல் அறிக்கை வந்தது. நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 39 லட்சம் கருக்கள் வலிந்து கலைக்கப்படுகின்றன என்று அந்தக் குழு மதிப்பிட்டது. சட்டம் கோட்டை கட்டியிருப்பதாக எண்ணிக் கொண்டிருந்தது. கோட்டைக்குக் கீழே சுரங்கப் பாதையில் லட்சக்கணக்கான பெண்கள் உயிரைக் கையில் பிடித்துக் கொண்டு நடந்து கொண்டிருந்தார்கள். அதன் பிறகே 1971ல் மருத்துவக் கருச்சிதைவுச் சட்டம் நிறைவேறியது. 1972 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

நல்ல சட்டம்தான். பல்லாயிரம் பெண்களின் உயிரைக் காத்த சட்டம். ஆனால் அதன் முகத்தை உற்றுப் பார்க்க வேண்டும். "இவளுக்கு உரிமை உண்டு" என்று அது சொல்லவில்லை. "டாக்டர் நல்லெண்ணத்தோடு சரியென்று கருதினால், டாக்டரைத் தண்டிக்க மாட்டோம்" என்றுதான் சொல்லிற்று. பெண்ணுக்குக் கதவைத் திறந்தார்கள். சாவியை டாக்டரிடம் கொடுத்தார்கள். 312ஆவது பிரிவும் அப்படியே இருந்தது. 2024 ஜூலை முதல் நாள் பழைய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 312 என்ற எண் 88 என்று மாறியது. எண் மாறியதே தவிர எண்ணம் மாறவில்லை!

கருத்தடையைப் பற்றி, இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே, பெரியார் எழுதியதை இங்கு நினைவூட்டுவது பொருந்தும். மற்றவர்கள் உடல்நலத்துக்காகவும், குடும்பச் செலவைக் குறைக்கவும், நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் கருத்தடை வேண்டும் என்றபோது, பெண்ணின் விடுதலைக்காக அது வேண்டும் என்றார் அவர். கருத்தடை வேறு, கருச்சிதைவு வேறு. இரண்டையும் குழப்பவில்லை நாம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இரண்டுக்கும் ஒன்றுதான். அவள் உடல், ஜனத்தொகைக் கணக்கில் ஓர் எண்ணா? அல்லது அவளுடையதா?

2021ல் சட்டம் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு டாக்டர் போதும். குறிப்பிட்ட நிலைமையிலுள்ள பெண்களுக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள். அதற்கு மேல் கருவில் கடும் குறைபாடு இருந்தால் மருத்துவக் குழு. "மணமான பெண், அவள் கணவன்" என்றிருந்த இடத்தில் "பெண், அவள் துணைவர்" என்ற சொற்கள் வந்தன. 2022 செப்டம்பர் 29ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டு, மணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை அதே வாய்ப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. கணவனின் பலாத்காரத்தால் கருவுற்றவளும் இந்தச் சட்டத்தின் நோக்கில் பலாத்காரத்துக்கு ஆளானவளே என்றது. குடும்பத்தாரின் சம்மதம் கொண்டு வா, கோர்ட்டு உத்தரவு கொண்டு வா என்று சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை விதிப்பதையும் கண்டித்தது.

சட்டம் சொல்வதை இன்னும் தெளிவாகவே சொல்லி விடுகிறோம். பதினெட்டு வயது நிரம்பிய, மனநோய் இல்லாத பெண்ணுக்கு, அவளுடைய சம்மதம் ஒன்றே போதும். கணவன் வேண்டாம், மாமியார் வேண்டாம், பெற்றோர் வேண்டாம். பெயரை வெளியிடுகிற டாக்டருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. ஏட்டில் இப்படி இருக்கிறது. மேஜையில் எப்படி இருக்கிறது என்பதைத்தான் தொடக்கத்தில் சொன்னோம்.

இனி, எதிர்ப்போர் வாதத்தைக் கேட்போம். கேலி செய்யாமல் கேட்போம். அவர்களில் ஈரநெஞ்சம் படைத்தவர்களும் இருக்கிறார்கள்.

"கரு உயிரல்லவா? பேச வாயில்லாத, ஓடக் காலில்லாத உயிரை அழிப்பது தர்மமா?" என்கிறார்கள்.

உயிர்தான். மறுக்கவில்லை. அற்பப் பொருள் என்று யாரும் சொல்லவில்லை. எந்தப் பெண்ணும் திருவிழாவுக்குப் போவது போலக் கருச்சிதைவுக்குப் போவதில்லை. ஆனால் கரு என்பது முதல் நாளிலிருந்தே முழு மனிதன் என்றால், 1860ன் அந்தக் கொடிய சட்டம்கூட அதைக் கொலை என்று சொல்லவில்லையே, ஏன்? அசைவுக்கு முன் மூன்றாண்டு, அசைவுக்குப் பின் ஏழாண்டு என்று பிரித்ததே, ஏன்? வளர வளரக் கருவின் மீது நமக்குள்ள கடமையும் வளர்கிறது என்ற உணர்வு அன்றும் இருந்தது. இன்றைய 20 வாரக் கணக்கிலும் 24 வாரக் கணக்கிலும் அதே உணர்வு இருக்கிறது. விதைநெல்லையும் கதிர் முற்றிய வயலையும் எந்த உழவனும் ஒன்றென்று சொல்ல மாட்டான். விதைநெல்லை வீணடிக்கவும் மாட்டான்.

சரி, வாதத்துக்காக இன்னும் ஒரு படி இறங்கி வருகிறோம். கருவுக்கும் பிறந்த குழந்தைக்கும் வேறுபாடே இல்லை என்று வைத்துக் கொள்வோம். பிறந்து, தவழ்ந்து, "அப்பா" என்று அழைக்கிற குழந்தைக்கு உடம்பு சரியில்லை. தந்தையின் ரத்தம் ஒரு பாட்டில் இருந்தால் பிழைக்கும். தந்தை மறுக்கிறான். அவனைக் கல்நெஞ்சன் என்போம். ஊர் காறி உமிழும். ஆனால் போலீஸ் வந்து அவனைக் கட்டிலில் கட்டிப் போட்டு, ஊசியைக் குத்தி ரத்தம் எடுக்குமா? எடுக்கச் சொல்லும் சட்டம் இந்த நாட்டில் உண்டா? ஆணிடம் ஒரு பாட்டில் ரத்தத்தைக் கட்டாயமாக வாங்க அஞ்சுகிற சட்டம், பெண்ணிடம் ஒன்பது மாத ரத்தத்தையும், எலும்பையும், உறக்கத்தையும், சில வேளைகளில் உயிரையுமே கட்டாயமாக வாங்கலாம் என்றால், அந்தத் தராசு எந்தக் கடையில் வாங்கியது?

"தடையில்லாவிட்டால் ஒழுக்கம் கெடும்" என்பது அடுத்த வாதம். தடை போட்டுப் பார்த்த நாடுகள் இருக்கின்றனவே, அவற்றைக் கேட்போம்.

ருமேனியா. 1966ல் சௌஷெஸ்கு கருச்சிதைவைத் தடை செய்தான். கருத்தடைச் சாதனங்களும் கிடைக்காமல் செய்தான். வேலை செய்யும் பெண்களைத் தொழிற்சாலைகளுக்கே டாக்டர்களை அனுப்பிச் சோதிக்கச் செய்தான். பிறப்பு விகிதம் ஓரிரு ஆண்டுகள் ஏறியது. பிறகு இறங்கி விட்டது. இறங்காமல் நின்றது சாவு விகிதம்தான். ஐரோப்பாவிலேயே தாய்மார் மிகுதியாக மாண்ட நாடாயிற்று அது. ஏறத்தாழ 10,000 பெண்கள் கள்ளத்தனமான கருச்சிதைவில் மாண்டிருப்பார்கள் என்பது மதிப்பீடு. அநாதை விடுதிகள் நிரம்பி வழிந்தன. 1989 டிசம்பரில் அவன் ஆட்சி கவிழ்ந்ததும், புதிய ஆட்சி உடனே செய்த வேலைகளில் ஒன்று அந்தத் தடையை ரத்து செய்தது!

அயர்லாந்து. 1983ல் தாயின் உயிருக்கும் கருவின் உயிருக்கும் சம உரிமை என்று அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். கேட்க எவ்வளவு இனிமை! 2012 அக்டோபரில், நமது அண்டை மாநிலத்துப் பெலகாவியிலிருந்து அங்கு சென்று வாழ்ந்த சவிதா ஹலப்பனவர் என்ற 31 வயதுப் பல் மருத்துவர், 17 வாரக் கருவோடு கால்வே நகர ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். கரு பிழைக்காது என்று டாக்டர்களே சொன்னார்கள். கலைத்து விடுங்கள் என்று கேட்டார். கருவின் இதயம் இன்னும் துடிக்கிறது, ஆகவே முடியாது என்றார்கள். இது கத்தோலிக்க நாடு என்ற பதிலும் அவருக்குக் கிடைத்தது. கருவும் பிழைக்கவில்லை. ரத்தத்தில் நஞ்சேறி, அக்டோபர் 28ஆம் நாள் அவரும் மாண்டார். சம உரிமை கொடுத்தார்கள். இருவருக்கும் சமமாகச் சாவையே கொடுத்தார்கள்!

அந்த மக்கள் கண் விழித்தார்கள். 2018 மே 25ஆம் நாள் நடந்த பொதுவாக்கெடுப்பில் 100க்கு 66 பேருக்கு மேல் அந்த ஷரத்தை நீக்க ஓட்டளித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கரே. தங்கள் நம்பிக்கையைக் கைவிடவில்லை. தங்கள் நம்பிக்கையை அடுத்த வீட்டுப் பெண்ணின் உடல் மீது சட்டமாக ஏற்றுவதைத்தான் கைவிட்டார்கள். அதே வேளையில் அமெரிக்கா பின்னோக்கி நடந்தது. 1973ல் தந்த உரிமையை 2022 ஜூன் 24ஆம் நாள் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு பறித்தது. தடை போட்ட மாநிலத்துப் பணக்காரி, தடையில்லாத மாநிலத்துக்கு விமானம் ஏறுகிறாள். கூலிக்காரி, விடுப்பும் கிடையாமல் வழிச்செலவும் கிடையாமல் நிற்கிறாள். எந்த நாட்டிலும் தடை முதலில் கண்டுபிடிப்பது ஏழையின் முகவரியைத்தான்.

உலகில் நடக்கும் கருச்சிதைவுகளில் 100க்கு 45 பாதுகாப்பற்றவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நமது நாட்டில் 2015ஆம் ஆண்டு சுமார் 1 கோடியே 56 லட்சம் கருச்சிதைவுகள் நடந்தன என்றும், அவற்றில் 100க்கு 73 ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரையைக் கொண்டு நடந்தன என்றும் 2018ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆஸ்பத்திரியைச் சட்டம் திறந்து வைத்து ஐம்பது ஆண்டுகள் ஆகப் போகிற நேரத்திலும், யாரும் கேள்வி கேட்காத இடத்தைத் தேடி அவ்வளவு பேர் போனார்கள் என்றால், அந்த வாசலில் அவர்களுக்கு என்ன வரவேற்பு கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

மற்றொரு கேள்வி. கடினமான கேள்வி. அதை மறைத்து விட்டுப் போவது நேர்மையாகாது. "உரிமை என்கிறீர்களே, பெண் சிசு என்று தெரிந்து கலைக்கிறார்களே, அதுவும் உரிமையா?" என்று கேட்கிறார்கள்.

கொடுமை அது. 1994ல் சட்டம் செய்து, கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதைக் குற்றமாக்கியது சரியே. 2011 மக்கள் கணக்கில், ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் பிள்ளைகளுக்கு 919 பெண் பிள்ளைகள்தான் இருந்தார்கள் என்பது நாடு தலைகுனிய வேண்டிய கணக்கு. ஆனால் அந்தக் கருவைக் கலைக்கச் சொன்னது யார்? "மூன்றாவதும் பெட்டையா?" என்று கேட்ட மாமியார். வரதட்சணைக்குப் பயந்த வீடு. வாரிசு கேட்ட கணவன். அங்கே நடப்பது பெண்ணின் சுதந்திரமல்ல. பெண்ணின் பெயரால் மற்றவர் போடுகிற கையெழுத்து! அவளைக் கேளாமல் பெற வைப்பதும் அவளை மிரட்டிக் கலைக்க வைப்பதும் ஒரே மரத்தின் இரு கிளைகள். வரதட்சணையை ஒழிக்க முடியாதவர்கள், சொத்தில் சம பங்கு கொடுக்க மனமில்லாதவர்கள், ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒவ்வொரு பெண்ணையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது நோயை விட்டுவிட்டு நோயாளியை அடிப்பதாகும்.

கட்டாயம் என்றால் என்ன என்பது ஆண்களாகிய நமக்கும் தெரியாததல்ல. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976ல், வடநாட்டு ஊர்களில் ஆண்களை வளைத்துப் பிடித்துக் கருத்தடை ஆபரேஷன் செய்தார்கள். நாடு கொதித்தது. "என் உடலில் சர்க்கார் கை வைப்பதா?" என்று கேட்டான் ஆண். 1977ல் ஓட்டுச் சீட்டால் பதிலும் கொடுத்தான். சரியான கேள்வி. அந்தக் கேள்வியை ஆண் கேட்டால் வீரம், பெண் கேட்டால் பாபமா? "பெறாதே" என்று ஆணைக் கட்டிப் போட்ட கையும், "பெற்றே தீர்" என்று பெண்ணைக் கட்டிப் போடும் கையும் ஒரே கைதான், தோழர்களே!

இப்போது காலக் கணக்குக்கு வருகிறோம். உண்மையிலேயே கருவின் மீது கருணை உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒன்பது வாரத்துக்குள் என்றால், டாக்டர் மேற்பார்வையில் மாத்திரையே போதும். மாதம் ஏற ஏற ஆபத்தும் ஏறும். மனச்சாட்சியின் கேள்வியும் கனக்கும். 2023 அக்டோபரில், இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண் 26 வாரம் கடந்து கேட்டபோது, சுப்ரீம் கோர்ட்டின் இரண்டு நீதிபதிகளே இரு வேறு கருத்துக் கொண்டார்கள். பிறகு மூவர் அமர்ந்து மறுத்து விட்டார்கள். அவ்வளவு கடினம் அந்தக் கட்டம். அப்படியானால் பெண்ணை அந்தக் கட்டத்துக்குத் தள்ளாதிருப்பதுதானே அறிவுடைமை? "நாளைக்கு வா", "புருஷனோடு வா", "கோர்ட்டுக்குப் போ" என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளித் தள்ளி, எட்டு வாரத்தைப் பதினெட்டு வாரமாக்கி விட்டு, பிறகு "ஐயோ, சிசு வளர்ந்து விட்டதே!" என்று கண்ணீர் வடிப்பது என்ன கருணை? தாமதத்தை உண்டாக்குகிறவனே தாமதத்தைக் குற்றம் சாட்டுகிறான்!

ஆகவே நாம் கேட்பது வானத்து நட்சத்திரத்தை அல்ல.

அவள் சம்மதம் ஒன்றே போதும் என்று ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வைக்கட்டும். கணவன் கையெழுத்துக் கேட்பதை நிறுத்தட்டும். தாலுகா ஆஸ்பத்திரி வரையில் பயிற்சி பெற்ற டாக்டரும் மருந்தும் தட்டாமல் இருக்கட்டும். தன் உடலைப் பற்றி முடிவு செய்த பெண்ணைக் குற்றவாளியாக்கும் பழைய விளக்கத்தைப் புதிய சட்டத்திலிருந்து பார்லிமெண்டு எடுத்து எறியட்டும். பெற விரும்புகிறவளுக்கும் அதே உறுதியோடு துணை நிற்கட்டும்: கருவுற்றாள் என்பதற்காக வேலையை விட்டு நீக்காமலும், குறையோடு பிறந்த பிள்ளையைத் தாய் தலையில் மட்டும் கட்டாமலும் இருக்கட்டும். பிள்ளையை வளர்க்க வழியில்லை என்பதற்காக ஒருத்தி கலைக்க நேர்ந்தால், அதுவும் கட்டாயமே. அதைச் செய்தவன் சம்பளம் கொடாத முதலாளி. உதவி கொடாத சர்க்கார்.

சர்க்காரிடம் கேட்டது போதும். நம்மிடம் நாமே கேட்க வேண்டியதும் உண்டு. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். மணமான பெண்களில் 100க்கு ஏறத்தாழ 38 பேர் தாங்களே கருத்தடை ஆபரேஷன் செய்து கொண்டவர்கள். கணவன் செய்து கொண்ட குடும்பம் 1,000க்கு 3! ஆணுக்குச் சிறிய ஆபரேஷன். பெண்ணுக்குப் பெரிய ஆபரேஷன். ஆனாலும் கத்தி அவள் வயிற்றுக்கே போகிறது. சங்கக் கூட்டத்தில் சம உரிமை முழங்கி விட்டு வீட்டுக்குள் நுழையும்போது, அந்த உரிமையை வாசலில் செருப்போடு கழற்றி வைக்கிறோமா? கருத்தடையில் பங்கு ஏற்காதவன், கருச்சிதைவில் அதிகாரம் மட்டும் கேட்பது என்ன முறை?

அவளோடு பேசுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? உங்கள் ஆசையைச் சொல்லுங்கள், அச்சத்தைச் சொல்லுங்கள், "பெற்றுக் கொள், நான் துணை இருக்கிறேன்" என்றும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, முடிவை அவளிடம் விடுங்கள். முடிவு செய்து விட்டாள் என்றால், அரை நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே யாராவது பேனாவை உங்கள் பக்கம் நீட்டினால், வாங்காதீர்கள். உரத்த குரலில், பக்கத்திலிருக்கிற பெண்களுக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: "அவள் கையெழுத்துப் போட்டு விட்டாள். அது போதும்!"